ஷெரில் குரோவின் முதல் ஆல்பம்: அறையில் இருந்த அத்தனை பேரும் பாடலாசிரியர்கள்தானா?

மெட்டுப்பித்தன்:

அனைவருக்கும் வணக்கம். நானும் மூன்று நண்பர்களும் ஓராண்டாக ஞாயிறுதோறும் ஒரு மாடியறையில் கூடிப் பாட்டுக் கட்டி வருகிறோம். பாடுபவன் நான், வரிகளில் பெரும்பகுதியும் என்னுடையவை. மெட்டுகளின் நிலை வேறு. ஒருவர் கிட்டாரில் தொடங்கியதை இன்னொருவர் வேறு பக்கம் திருப்பி, மூன்றாமவர் அதன்மேல் ஒரு தாளத்தை ஏற்றி, கடைசியில் எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் கலந்துபோய்விட்டன. இவற்றில் பத்துப் பாடல்களை என் பெயரில் முதல் ஆல்பமாகப் பதிவு செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, எங்கள் டிரம்ஸ்காரர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "முதலில் ஷெரில் குரோ கதையைப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

படித்தேன், தெளிவதற்குப் பதிலாக இரண்டு ஐயங்கள் முளைத்துவிட்டன. அமெரிக்கப் பாடகியான குரோவுக்கு 1993இல் வந்த ‘டியூஸ்டே நைட் மியூசிக் கிளப்’ தான் முதல் ஆல்பம் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஒரு முழு ஆல்பம் பதிவாகிக் கைவிடப்பட்டது என்றும் சொல்கிறார்கள். பணம் செலவழித்து முடித்த ஒன்றைப் பாடகியும் நிறுவனமும் ஏன் கிடப்பில் போட வேண்டும்? அடுத்தது, வெளிவந்த ஆல்பத்தின் பாடல்களில் உடன் எழுதியவர்களின் பெயர்கள் முறையாக அச்சாகியிருக்கும்போது, அவற்றைக் குரோவோடு சேர்ந்து ஆக்கிய நண்பர்களில் சிலருக்குப் பின்னாளில் அவ்வளவு கசப்பு வந்தது எதனால்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழையநாடா:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டாவதைப் பற்றி என்னைவிடக் கோபமாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

குரோ மிசூரி மாநிலத்தின் கென்னட் என்ற சிற்றூரில் 1962இல் பிறந்தவர். மிசூரிப் பல்கலைக்கழகத்தில் இசை படித்து, செயின்ட் லூயிஸ் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் இசை ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே விளம்பரப் பாடல்களும் பாடி வந்தார். 1986இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து, 1987 முதல் 1989 வரை மைக்கேல் ஜாக்சனின் ‘பேட்’ உலகச் சுற்றுப்பயணத்தில் மேடைக் கோரஸ் பாடினார். (நம்மிடம் ‘பின்னணிப் பாடகி’ என்றால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் கோரஸ் என்றே எழுதுகிறேன்.) அத்தனை பெரிய அரங்குகளில் பாடித் திரும்பியவருக்குத் தனக்கென ஓர் ஒப்பந்தம் கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 1991இல் ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது.

நிறுவனம் அவரை ஒப்படைத்தது ஹியூ பேட்ஜம் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரிடம். ‘போலீஸ்’ என்ற ராக் குழு, பாடகர்கள் ஸ்டிங், ஃபில் காலின்ஸ் ஆகியோருடன் வேலை செய்து, டிரம்ஸ் அடி மலைபோல் எழுந்து மறுகணமே கத்தரித்தாற்போல் நின்றுவிடும் அந்த எண்பதுகளின் ஒலியை உலகுக்குப் பழக்கியவர்களில் ஒருவர் அவர். கைதேர்ந்தவர் என்பதில் ஐயமே இல்லை. அவர் பதிவு செய்த ஆல்பம் 1992 செப்டம்பரில் வெளிவருவதாக இருந்தது. விமர்சகர்களுக்கு அனுப்பக் கேசட்டுகள்கூடத் தயாராகிவிட்டன. அந்தக் கேசட்டுகளிலிருந்து நகலெடுத்தவைதாம் இன்றும் ரசிகர்களிடையே சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவறு என்று சுட்டிக்காட்ட அதில் ஒன்றுமே இல்லை, குறையும் அதுதான். ஒவ்வொரு ஒலியும் மெருகேறிப் பளபளவென்று இருக்கிறது. பாடுபவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அமெரிக்க வானொலியின் காது நிர்வாணா போன்ற குழுக்களின் கரடுமுரடான ஒலிக்குப் பழகத் தொடங்கியிருந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது குரோவின் காதலராக இருந்த கெவின் கில்பர்ட் என்ற இசைக்கலைஞர் அந்தப் பதிவுகளை மீண்டும் கலவை செய்து காப்பாற்ற முயன்றார், அதுவும் கைகூடவில்லை. கடைசியில் குரோவும் நிறுவனமும் அதை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

ஏ அண்ட் எம் என்பதில் உள்ள முதல் எழுத்து ஹெர்ப் ஆல்பர்ட் என்ற டிரம்பெட் கலைஞருடையது. அவர் ஜெர்ரி மாஸுடன் சேர்ந்து 1962இல் தொடங்கிய நிறுவனம் 1989இல் பாலிகிராம் என்ற பெரிய இசை நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்றாலும், செலவான பணத்தைப் பார்த்து ஒப்பந்தத்தை முறித்துவிடாமல் புதுப் பாடகிக்கு இன்னொரு வாய்ப்பு தரும் பழக்கம் அங்கே மிச்சமிருந்தது என்றே நான் எண்ணுகிறேன். அந்தப் பாடல்களும் வீணாகிவிடவில்லை. ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் டியர்ஸ்’ ஏற்கெனவே 1991இல் ஒரு திரைப்பட இசைத்தொகுப்பில் அவருடைய குரலிலேயே வந்திருந்தது. ‘ஃபாதர் சன்’ பாடலை 1993இல் வைனோனா ஜட் பாடினார். பாடல்கள் பிறருக்குப் பொருந்தின, எழுதியவருக்கு மட்டும் பொருந்தவில்லை என்பது முதல் ஆல்பம் செய்யப் போகிற எவரும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

ஆறாந்தந்தி:

பழையநாடா ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கில்பர்ட்தான் குரோவை பாசடீனாவில் இருந்த டோட் ஹால் என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அது பில் பாட்ரெலுக்குச் சொந்தமான இடம். பாட்ரெல் மைக்கேல் ஜாக்சனின் ‘பிளாக் ஆர் ஒயிட்’ பாடலை அவருடன் சேர்ந்து தயாரித்தவர். அத்தகைய பெரும்பொருட்செலவு வேலைகளில் சலித்துப்போய், செவ்வாய்க்கிழமை இரவுகளில் நண்பர்களைக் கூட்டி, யாருக்காகவும் அல்லாமல் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார். டேவிட் பேர்வால்ட், டேவிட் ரிக்கெட்ஸ் (இவ்விருவரும் ‘டேவிட் அண்ட் டேவிட்’ என்ற பெயரில் 1986இல் ஓர் ஆல்பம் வெளியிட்டவர்கள்), டிரம்ஸுக்கு பிரையன் மெக்லவுட், பேஸ் கிட்டாருக்கு டேன் ஷ்வார்ட்ஸ், இவர்களோடு கில்பர்ட். அனைவரும் இசைத்தொழிலின் உள்ளும் புறமும் அறிந்து அதன்மேல் ஓரளவு கசப்பும் கொண்டவர்கள். அந்தக் கூட்டத்தில், ஓர் ஆல்பம் தந்தாக வேண்டிய ஒப்பந்தம் கையில் இருந்தவர் புதிதாக வந்த குரோ. அவர் வந்த பிறகு, பொழுதுபோக்காக இருந்த செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நோக்கம் வந்துவிட்டது. இந்த நோக்கம்தான் பின்னால் வந்த அத்தனை சிக்கலுக்கும் வேர் என்பது என் கருத்து. அதை வேறொருவர் மறுக்கலாம்.

இந்த அறை எப்படி வேலை செய்தது என்பதற்கு ‘ஆல் ஐ வானா டூ’ பிறந்த விதம் நல்ல சான்று. இசை முன்பே அமைந்திருந்தது. அதற்கு எழுதிய வரிகள் மட்டும் குரோவுக்குப் பிடிக்கவில்லை. பாட்ரெல் பாசடீனாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியிருந்த கவிதைத் தொகுதிகளை நீட்டி, இவற்றில் ஏதாவது பொருந்துகிறதா பாருங்கள் என்றார். அப்படி அகப்பட்டதுதான் வின் கூப்பர் என்ற கவிஞரின் ‘ஃபன்’ என்ற கவிதை. 1987இல் வெறும் 500 படிகள் அச்சான ஒரு தொகுதியில் இருந்தது அது. ஒரு மதுக்கடையில் நண்பகலில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் கார் கழுவும் இடத்தை வேடிக்கை பார்க்கும் இருவரைப் பற்றிய கவிதை. அந்த நண்பகல் ஒரு செவ்வாய்க்கிழமையுடையது என்று கூப்பர் எழுதியிருந்தார் என்பதைக் கவனியுங்கள். செவ்வாய் இரவுக் கூட்டத்தின் கையில் அது போய்ச் சேர்ந்ததை என்னவென்று சொல்வது! வெர்மான்ட்டில் வசித்த அந்தக் கவிஞரிடம் முறையாக உரிமை பெற்று, பாடலாசிரியர்களுள் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள். அதன்பின் அவருடைய தொகுதி பலமுறை மறு அச்சு கண்டது. பாடலின் உரிமத்தொகையும் (ராயல்டி) அவருக்குத் தொடர்ந்து வந்தது.

எனவே அந்தப் பாட்டுக்கு எழுதியவர்கள் ஐவர்: குரோ, கூப்பர், பாட்ரெல், பேர்வால்ட், கில்பர்ட். ‘ஸ்ட்ராங் எனஃப்’ பாடலுக்கு ஆறு பேர். அவர்களுள் டிரம்ஸ் வாசித்த மெக்லவுடும் ஒருவர். உங்கள் டிரம்ஸ்காரர் எதை நினைத்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனார் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஆல்பம் 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் ஓராண்டு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குரோ ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டே இருந்தார். 1994இல் ‘ஆல் ஐ வானா டூ’ ஆல்பத்திலிருந்து தனியே வெளியிடப்பட்டு, பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடத்தைப் பிடித்து வாரக்கணக்கில் அங்கேயே நின்றபோதுதான் எல்லாம் மாறியது. 1995 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பதிவு, சிறந்த புதுக்கலைஞர் ஆகியவற்றோடு பெண் குரலுக்கான பாப் விருதும் கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் படிகளுக்கு மேல் அனுப்பப்பட்ட ஆல்பம் இது.

செவிட்டுக்காது:

இவ்வளவு மென்மையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பேர் சமைத்த விருந்துக்கு ஒருவர் பெயரில் பந்தல் போட்டார்கள் என்பதுதான் நடந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் ஒரே பெயர். அந்தக் குழுவின் பெயர் ஆல்பத்தின் தலைப்பாகச் சுருங்கிப்போனது. பிறகு சுற்றுப்பயணம் கிளம்பியபோது மேடையில் வாசித்தவர்கள் வேறு ஆட்கள். எழுத்துரிமையில் பங்கு கிடைத்ததே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள், தான் வாசித்த இசையை வேறொருவர் வாசிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அனுபவம் இல்லாதவர்கள். நான் ஒரு குழுவில் பேஸ் வாசித்தவன். எனக்கு அந்த அனுபவம் உண்டு. ஆகையால் மெட்டுப்பித்தன் அவர்களே, உங்கள் ஆல்பத்துக்குக் குழுவின் பெயரை வையுங்கள்.

ஏட்டுக்கணக்கு:

செவிட்டுக்காது அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ‘சுருங்கிப்போனது’ என்பதை நான் ஏற்க மாட்டேன். தன் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே, இதை நான் தனியாகச் செய்யவில்லை என்று அறிவித்த பாடகிகள் எத்தனை பேர்? ஏட்டளவில் எல்லாம் சரியாகவே இருந்தது. தயாரிப்பாளர் என்று பாட்ரெலின் பெயர், பாடல்களுக்குக் கீழே உடன் எழுதியவர்களின் பெயர்கள், அவரவர்க்குரிய பங்கு.

ஏடு சரியாக இருந்தும் கசப்பு வெடித்தது வாய்ச்சொல்லால். 1994 மார்ச்சில் குரோ டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ‘லீவிங் லாஸ் வேகஸ்’ பாடினார். பாடி முடித்ததும், இது உங்கள் வாழ்க்கைக் கதையா என்று லெட்டர்மேன் கேட்டார். குரோ ஆம் என்கிற பொருள்பட விடையளித்துவிட்டார். அந்தப் பாட்டுக்கு எழுதியவர்கள் ஐவர். தலைப்போ, பேர்வால்டின் நண்பரான ஜான் ஓ’பிரையன் 1990இல் வெளியிட்ட நாவலுடையது. நாவலைப் பற்றியோ உடன் எழுதியவர்களைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. பேர்வால்ட் வெளிப்படையாகவே கொதித்தார். சில வாரங்களில் அந்த நாவலாசிரியர் இறந்துபோனது விவகாரத்தின்மேல் ஒரு கருநிழலைப் படரவிட்டது. ஆனால் அவருடைய துயரங்கள் மிகப் பழையவை என்றும், அந்த நிகழ்ச்சிக்கும் அவர் மறைவுக்கும் தொடர்பில்லை என்றும் குடும்பத்தாரே தெளிவுபடுத்தியதால், அதை இதோடு முடிச்சுப் போடுவது நியாயமன்று. தொலைக்காட்சி விளக்கு கண்ணில் அடிக்கும்போது, தன் பெயரில் பெரிய மேடை ஏறுவதற்குப் புதியவரான ஒருவர் இரண்டு நொடியில் சொன்ன ஒரு விடையை இத்தனை ஆண்டுகள் சுமக்க வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அங்கே பறிபோனது பணம் இல்லை, பெயர் என்பதை மறுக்க முடியாது.

இனி உங்கள் மாடியறைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடல் ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி உரிமை. அமெரிக்காவில், சேர்ந்து உருவாக்குகிறோம் என்ற எண்ணத்தோடு பலர் ஒரு பாடலை ஆக்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அனைவரும் சமபங்காளிகள். ஒருவர் இரண்டு வரியும் மற்றவர் இருபது வரியும் தந்திருந்தாலும் அப்படித்தான். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு எனத் தனித்தனியே நிற்கின்றன. முன்னதற்கு எழுதியவரும் பின்னதற்கு இசையமைத்தவரும் உரிமையாளர்கள். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை தயாரிப்பாளரே ஆசிரியராகக் கருதப்படுகிறார். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், உரிமத்தொகையில் சமபங்கு கேட்கும் உரிமை அவர்களை விட்டுப் போவதில்லை. உங்கள் நிலையில் மெட்டுகள் நால்வருக்கும் பொதுவாக இருப்பதால், எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டுவிடுங்கள். வெளிவந்த பிறகு எழுதுவது எவ்வளவு தொல்லை என்பதற்கு அண்மைக்கால உதாரணம் வேண்டுமானால், ஒலிவியா ரோட்ரிகோவின் முதல் ஆல்பமான ‘சவர்’ இருக்கிறது. 2021 மே மாதம் வெளிவந்த அதன் இரு பாடல்களில், வெளியான பின்னரே வேறு கலைஞர்களின் பெயர்கள் எழுதியவர்களாகச் சேர்க்கப்பட்டன. ‘குட் 4 யூ’ பாடலில் பாராமோர் குழுவின் ஹேலி வில்லியம்ஸும் ஜோஷ் ஃபாரோவும் அப்படி இடம்பெற்றவர்கள்.

மெட்டுப்பித்தன்:

மிக்க நன்றி. நேற்று இரவு டிரம்ஸ்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். பங்கு எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. மூன்றாவது பாட்டின் தாளம் தன் தந்தையார் தறி நெய்யும்போது கேட்ட ஓசையிலிருந்து வந்தது என்பதை எங்காவது குறிப்பிடுவாயா என்றுதான் கேட்டார். ஓராண்டு சேர்ந்து வாசித்தும் எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது. ஒரு கேள்வி மிச்சம்: அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பிறகு என்ன ஆயிற்று? அவர்கள் இல்லாமல் குரோவால் எழுத முடிந்ததா?

பழையநாடா:

கூட்டம் கலைந்துவிட்டது. கில்பர்ட் 1996 மே மாதத்தில், முப்பது வயதை எட்டும் முன்பே இறந்தார். அவர் தனக்காகச் செய்துவந்த இசை ரசிகர்களிடம் இன்றும் மதிப்போடு உலவுகிறது. இரண்டாவது ஆல்பத்துக்காக குரோவும் பாட்ரெலும் நியூ ஆர்லியன்ஸில் கூடினார்கள்; தொடக்கத்திலேயே பாட்ரெல் விலகிக்கொண்டார். தயாரிப்பாளர் இல்லாமல் நின்ற குரோ அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்று, ஜெஃப் டிராட் போன்ற புதியவர்களோடு எழுதி முடித்தார். 1996இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் தலைப்பு ‘ஷெரில் குரோ’ என்ற அவருடைய பெயர் மட்டுமே. அடுத்த ஆண்டு சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடியவர் என்ற முணுமுணுப்புக்கு அவர் தந்த விடையாகவே பலரும் அதைக் கேட்டார்கள். எனக்கு என்னவோ, கிட்டார் வேண்டுமென்றே பிசகுவதும் டிரம்ஸ் சற்றுப் பின்தங்கி நடப்பதுமான அந்த ஒலியில், செவ்வாய்க்கிழமை அறையில் அவர் கற்றுக்கொண்டது அப்படியே கேட்கிறது.

இரண்டு ஆல்பங்களையும் நான்கு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்தத் தறி ஓசையைப் பற்றி அட்டையில் எழுதுங்கள். எழுதியபின் மூன்றாவது பாட்டை இங்கே பகிர்ந்தால் நானும் கேட்பேன்.